கலையும் முன் சொன்ன சொல்

பார்த்ததைச் சொல்பவள் உண்மை சொல்கிறாள். இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகச் சொல்பவளை என்னவென்று சொல்வது? பொய் சொன்னவள் என்றா, முந்திக்கொண்டவள் என்றா? கெசையா லெங்கின் வாழ்க்கை எங்களிடம் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். என்னிடம் இன்றுவரை இல்லை.

அவளை உயர்த்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பன்றி இறைச்சிக்கு உப்பு அதிகம் போடுவாள். தேவாலயத்தில் பாட்டு ஒரு பக்கம் போனால் அவள் குரல் இன்னொரு பக்கம் போகும். கடன் கேட்டு வந்தவளிடம் முகத்துக்கு நேராக இல்லை என்பாள். ஆனால் கடலோர மூக்குப்பாறையில் காவலுக்கு உட்கார்ந்தால் அவள் கண் வேறெங்கும் போகாது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் யார்க்‌ஷயர் கரையில் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. மே மாதம் பிறந்தால் அதன் ஒவ்வொரு விளிம்பிலும் ஸ்கௌட் பறவைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். கறுத்த முதுகு, வெளுத்த மார்பு. கூடு கட்டத் தெரியாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. அந்த முட்டைகளை எடுக்கத்தான் ஊரில் சிலர் குழு சேர்ந்து கயிறு கட்டி இறங்குவோம். எங்கள் குழுவில் இறங்குபவன் கெசையாவின் புருஷன் ஏமஸ். மேலே கயிற்றைப் பிடிப்பவர்கள் மூன்று பேர்: ஏமஸின் அண்ணன் ரூபன், ஜேபஸ் ஸ்டார்க், நான். ரூபன் வைத்ததுதான் குழுவில் சட்டம். முட்டைக் காலம் முடிந்தால் அவர்கள் பண்ணை வேலைக்குப் போவார்கள், நான் சந்தைக்குச் சரக்கு வண்டி ஓட்டப் போவேன்.

கயிறு பிடிப்பவனுக்கு இடுப்பில் தோல்பட்டை, குதிகால் ஊன்றப் புல்லில் வெட்டிய குழி. கண்ணுக்குத் தெரிவது பாறையின் விளிம்பும் அதற்கப்பால் வானமும்தான். கீழே இருப்பவன் கைக்கயிற்றைச் சுண்டினால் தூக்குவோம், இருமுறை சுண்டினால் இறக்குவோம். மற்ற இடங்களில் இது போதும். கெட்டில் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் போதாது. அது கெண்டி மாதிரியே உள்ளே குடைந்து போன பாறை. அதன் உதட்டில் கயிறு உரசுவதால் சுண்டியது மேலே வந்து சேராது. கத்தினாலோ பறவைகளின் இரைச்சலில் கரைந்துவிடும்.

அதற்காகத்தான் காவல். குடைவுக்கு எதிரே கடலை நோக்கி நீண்டிருக்கும் மூக்குப்பாறையில் ஒரு ஆள் உட்கார்ந்து, அங்கே பார்ப்பதை எங்களைப் பார்த்துக் கத்த வேண்டும். அங்கிருந்து பார்த்தாலும் குடைவுக்குள் போன மனிதன் தெரியமாட்டான். பறவைகள் மட்டும் தெரியும். பறவைகளில் மனிதனைப் படிக்க வேண்டும்.

படிப்பதற்கு மூன்று சொல். 'டிதர்' என்றால் பறவைகள் நின்ற இடத்திலேயே வெடவெடக்கின்றன, கால் மாற்றி மாற்றி வைக்கின்றன, கழுத்தை நீட்டி இழுக்கின்றன. ஆள் பக்கத்தில் வந்துவிட்டான். 'ஃபிளாக்கர்' என்றால் சிறகு படபடக்க விளிம்பிலிருந்து விழுந்து, ஒரு வட்டம் போட்டு, மறுபடி வந்து உட்காருகின்றன. ஆள் முட்டை எடுத்துக்கொண்டிருக்கிறான், எல்லாம் சரி. மூன்றாவது 'ஃபிளஸ்க்'. விளிம்பு முழுவதும் ஒரே மூச்சில் விசுக்கென்று வெடித்துக் கிளம்புவது. மனிதன் வந்ததற்காக ஸ்கௌட் அப்படிக் கிளம்பாது. காலடியில் பாறை நகர்ந்தால் கிளம்பும். அந்தச் சொல் காதில் விழுந்தால் மேலே இருப்பவர்கள் யோசிக்கக் கூடாது, கேட்கக் கூடாது. இழுக்க வேண்டும்.

முதல் இரண்டு சொல்லும் வீட்டிலும் புழங்கும். காற்றடித்தால் விளக்குச் சுடர் ஃபிளாக்கர் ஆகும். குளிரில் கன்றுக்குட்டி டிதர் ஆகும். மூன்றாவதை யாரும் வீட்டில்கூடச் சும்மா சொல்ல மாட்டோம். ஒருமுறை மதுக்கடையில் வெளியூர்ப் பண்ணையாள் ஒருவன் விளையாட்டாக ரூபனின் முதுகுக்குப் பின்னால் நின்று அதைக் கத்திவிட்டான். ரூபன் கையில் அகப்பட்ட மேஜைக்காலைப் பிடித்து இழுத்து மேஜையையே கவிழ்த்தான். பீரில் நனைந்தவர்கள் ஒருவரும் ரூபனைக் கோபிக்கவில்லை. பண்ணையாளைத்தான் வெளியே தள்ளினார்கள்.

பழைய சொற்களில் ஆசை கொண்ட பாதிரியார் ஒருவர் ஒரு கோடையில் எங்கள் ஊரில் வந்து தங்கியிருந்தார். கெசையாவிடம், "ஃபிளாக்கர்னா என்னம்மா?" என்று கேட்டார்.

"எது ஃபிளாக்கர் ஆகுதுன்னு சொல்லுங்க ஐயா. பறவையா, விளக்கா, நெஞ்சா?"

"மூணுக்கும் ஒரே சொல்தானா?"

"சொல் ஒண்ணுதான். பறவைக்குன்னா கத்துவேன். விளக்குக்குன்னா கதவைச் சாத்துவேன்."

"நெஞ்சுக்குன்னா?"

"அத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

காவலுக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. கயிற்றில் தொங்குபவனின் பெண்டாட்டி மூக்குப்பாறையில் உட்காரக் கூடாது. கண் பார்ப்பதற்கு முன்னால் பயம் பார்த்துவிடும் என்பதுதான் காரணம். எல்லாக் குழுக்களும் இதைக் காத்தன. கெசையா கன்னிப்பெண்ணாக இருந்தபோதே எங்களுக்குக் காவல் இருந்தவள். ஏமஸைக் கட்டிக்கொண்டதும் விலகினாள், ஜேபஸ் மூக்குப்பாறைக்குப் போனான். ஒரு மூடுபனி நாளில் ஜேபஸ் சொல்லைச் சொல்லச் சற்றுத் தாமதித்தான். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனாலும் மேலே வந்த ஏமஸ் தொப்பியைக் கழற்றி அடித்துவிட்டு, "இனிமே இவன் கண்ணை நம்பி நான் எறங்க மாட்டேன். கெஸ் உக்காரட்டும்" என்றான். ரூபன் முணுமுணுத்தான். பிறகு விட்டுவிட்டான். தம்பி இறங்காவிட்டால் குழு இல்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. இப்படித்தான் அந்தச் சட்டம் எங்கள் குழுவில் போயிற்று.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. விட்ட அன்று காலை, கெட்டிலின் உச்சியில் கைக்கயிறு கட்டுவதற்கான இரும்புக் கம்பியை மண்ணில் அறைந்துகொண்டிருந்தோம். ஏமஸ் தொப்பிக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தான். கல் விழுந்தால் தலைக்கு அதுதான் மெத்தை. குடைவின் உள்விளிம்பில் ஒரு ஸ்கௌட் வருடம் தவறாமல் செந்நிற முட்டை இடும். மற்றதெல்லாம் பச்சையும் நீலமும் என்றால் இது மட்டும் செங்கல் நிறம். லண்டனில் முட்டை சேர்க்கும் ஒரு கனவான் அதைக் கேட்டிருந்தார்.

"இன்னிக்கு கெட்டில் வேண்டாம்," என்றாள் கெசையா. "பாறை ஊறிக் கெடக்கு. ரெண்டு நாள் காயட்டும்."

"ரெண்டு நாள் போனா முட்டைக்குள்ள குஞ்சு பிடிச்சிரும். அப்புறம் அது செவப்பா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன?"

"லண்டன்காரர் அடுத்த வருஷமும் உசிரோடதான் இருப்பாரு."

"நானும்தான் இருப்பேன். நீதானே காவல்?"

ரூபன் எரிச்சலோடு திரும்பினான். "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வெச்சுக்கங்க. ஏம்மா, நீ உக்கார்றியா, இல்ல ஜேபஸை அனுப்பட்டுமா?"

"நான் போறேனே," என்றான் ஜேபஸ்.

"நீ கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள நான் கடல்ல மெதப்பேன்டா," என்றான் ஏமஸ். எல்லாரும் சிரித்தோம். கெசையா சால்வையை இறுக்கிக்கொண்டு மூக்குப்பாறைக்கு நடந்தாள்.

ஏமஸ் விளிம்பில் பின்பக்கமாகக் காலை வைத்து, எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கினான். தொப்பி மறைந்தது. கயிறு மட்டும் பேசியது: கனம், அசைவு, கனம். கொஞ்ச நேரத்தில் அதுவும் உதட்டில் உரச ஆரம்பித்துச் செத்த கயிறாகிவிட்டது. அதற்குமேல் எங்களுக்கு அவன் அவள் குரலில்தான் இருந்தான்.

"டிதர்!"

குடைவுக்குள் போய்விட்டான்.

"ஃபிளாக்கர்!"

எடுக்கிறான். ரூபன் தலையை ஆட்டினான்.

"ஃபிளாக்கர்!"

இந்த முறை குரல் கொஞ்சம் தள்ளி வந்த மாதிரி இருந்தது. காற்று திரும்பியிருக்கலாம். ஜேபஸ் குதிகாலை மாற்றி ஊன்றினான். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. வழக்கமாக இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி கயிறு பிடிப்பவனின் உடம்புக்குத் தெரியும். அந்த இடைவெளி முடிந்து, அதற்கப்புறமும் நீண்டது.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்றான் ரூபன், விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் வந்தது.

"ஃபிளஸ்க்! ஃபிளஸ்க்!"

இழுத்தோம். யோசிக்கவில்லை, மூவரும் மல்லாந்து சாய்ந்து இழுத்தோம். கயிறு வந்தது, வந்தது, நின்றது. எதிலோ மாட்டியிருக்கிறது. "இழுங்கடா!" என்று ரூபன் அலறினான். மறுபடி இழுத்தோம். ஏதோ விடுபட்டது. கீழே ஒரு மனிதன் கத்தியது அத்தனை இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. அதற்கப்புறம்தான், கத்தலுக்கும் அப்புறம்தான், குடைவிலிருந்து ஆயிரக்கணக்கான சிறகுகள் ஒன்றாகக் கிளம்பும் ஓசை எழுந்து எங்கள் தலைக்கு மேலே கறுப்பும் வெளுப்புமாகப் போயிற்று.

ஏமஸ் விளிம்புக்கு வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. இடது பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லாமல் திரும்பிக் கிடந்தது. பாறைப் பிளவில் காலைச் செருகி நின்றிருக்கிறான். நாங்கள் இழுத்த இழுப்பில் இடுப்பு உடைந்திருந்தது. மார்புப் பையில் செந்நிற முட்டை நசுங்கி, சட்டையெல்லாம் மஞ்சள் வழிந்தது. அவனைப் புல்லில் கிடத்திவிட்டு, மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒன்றுக்காகக் காத்திருந்தோம். பாறை விழும் ஓசைக்காக. கடல் அடிக்கும் ஓசை கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

கெசையா மூச்சிரைக்க ஓடிவந்து மண்டியிட்டாள்.

"பாறை அசையல கெஸ்," என்றான் ஏமஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "என் கை அதுமேலதான் இருந்துச்சு. சொல்லு, பறவைங்க கெளம்புச்சா?"

அவள் ஏப்ரனைக் கிழித்து அவன் காலைக் கட்ட ஆரம்பித்தாள்.

"கெளம்புச்சான்னு கேக்குறேன்."

"பேசாம இரு. வலிக்கும்."

அவன் பிழைத்தான். ஆனால் அந்தக் கால் குட்டையாகிவிட்டது. இனி அவனால் இறங்க முடியாது என்று வைத்தியர் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

முட்டைக் காலம் முடிந்ததும் தேவாலயத்தின் பின்னறையில் கூடினோம். விசாரணை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அதுதான். தயிர்ப் பணியாரமும் தேநீரும் மேஜையில் இருந்தன, யாரும் தொடவில்லை. ரூபன் கெசையாவுக்கு இரண்டு கதவைத் திறந்து வைத்தான். அதைச் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை.

"பறவைங்க கெளம்பினத என் கண்ணால பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாங்க நம்பிட்டுப் போறோம். இல்ல, பயந்துட்டேன், வாய் முந்திக்கிச்சுன்னு சொல்லு. அதையும் விட்டுர்றோம். பொண்டாட்டிய உக்கார வெச்சது எங்க தப்பு. ரெண்டுல ஒண்ணு சொல்லிரு."

"கூப்பிட்டேன்," என்றாள் அவள்.

"அது எங்களுக்கும் கேட்டுச்சு. எதுக்குக் கூப்பிட்டே?"

"கூப்பிடணும்னு இருந்துச்சு. கூப்பிட்டேன்."

"இது ஒரு பதிலா?" ரூபன் மேஜையைத் தட்டினான். "எந்தம்பி நொண்டியாக் கெடக்கான். அந்தப் பாறை இன்னும் அங்கயே நிக்குது. போய்ப் பாரு. நல்லா குத்துக்கல்லு மாதிரி நிக்குது!"

அவள் எழுந்து, தொடாத தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பாறை நிற்பதை அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்கள்கூட மூக்குப்பாறை வரை நடந்துபோய்ப் பார்த்தார்கள். புருஷன் இறங்குவது பிடிக்காமல் வேண்டுமென்றே கத்தினாள் என்றார்கள் சிலர். பயத்தில் உளறினாள் என்றார்கள் சிலர். என்னைக் கேட்டவர்களிடம் எனக்குத் தெரியாது என்றேன்.

ஒன்று மட்டும் என் மனதில் கிடக்கிறது. அவள் கத்துவதற்கு முன்னால் நீண்ட அந்த இடைவெளியில், கெட்டிலின் இரைச்சல் ஒரு கணம் அடங்கிய மாதிரி எனக்குப் பட்டது. அத்தனை பறவைகளும் ஒன்றாக அசைவை நிறுத்தியதாக. காற்று திரும்பியதாலும் இருக்கலாம். இரண்டில் எது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எங்கள் பேச்சில் துடிப்புக்கும் படபடப்புக்கும் இத்தனை சொற்கள் இருக்கின்றன. எல்லாத் துடிப்பும் சட்டென்று நிற்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அப்படி ஒன்றைக் கண்டவள் எதைக் கத்துவாள்? இருக்கிற மூன்றில் ஒன்றைத்தான் கத்த வேண்டும். ஆனால் இது என் யோசனை, அவள் சொன்னதில்லை. ஆளைக் காப்பாற்ற நாமே கட்டுகிற காரணத்தை ஆளின் காரணம் என்று நம்பிவிடுவது எளிது.

ஏமஸ் மட்டும் விடவில்லை. கோபத்தில் கேட்கவில்லை. உடைந்த இடுப்புக்கு ஒரு பெயர் வேண்டும் என்பதுபோல் கேட்டான். ரொட்டியில் கொழுப்பு தடவிக்கொண்டே கேட்பான், கணப்புக்குக் கரி அள்ளிப் போடும்போது கேட்பான். "கெளம்புச்சா கெஸ்?" அவள் ரொட்டியை நகர்த்துவாள், கரித்தூளைப் பெருக்குவாள். நான் அங்கே இருக்கும்போதே பலமுறை நடந்திருக்கிறது.

அந்த வருடம் எங்களுக்கு நேர்ந்த பெரிய சேதம் ஏமஸின் இடுப்பு இல்லை. அது தெரிய அடுத்த மே மாதம் வரை ஆயிற்று.

புது வருடத்தில் ரூபன் தானே இறங்கினான். ஜேபஸ் மூக்குப்பாறைக்குத் திரும்பினான். மேலே நானும், புதிதாகச் சேர்ந்த எஸ்ரா கௌலிங்கும் மட்டும். இன்னொரு ஆள் கிடைக்கவில்லை. எஸ்ரா பலசாலி. ஆனால் குளிர்காலம் முழுவதும் மதுக்கடையில் கெசையாவின் கதையை எல்லாக் கோணத்திலும் கேட்டுவிட்டு வந்தவன். ஏமஸ் கைத்தடியோடு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து கூடைகளில் முட்டைகளை வைக்கோல் வைத்து அடுக்குவான். கெசையா காலையில் தகரப் போணியில் தேநீர் கொண்டுவருவாள், கொடுத்துவிட்டுப் போவாள். விளிம்பின் பக்கம் திரும்ப மாட்டாள்.

கெட்டிலுக்குப் போன அன்று அவள் வந்தபோது ரூபன் ஏற்கனவே உள்ளே இருந்தான். கயிறு செத்திருந்தது.

"ஃபிளாக்கர்!" என்றான் ஜேபஸ், தூரத்திலிருந்து.

"அவன் கொரல் கொட்டாவி மாதிரியேதான் வருது," என்றான் ஏமஸ் முட்டையைத் துடைத்துக்கொண்டே. எஸ்ரா சிரித்தான். கெசையா போணியை ஏமஸின் பக்கத்தில் வைக்கக் குனிந்தாள்.

"ஃபிளஸ்க்!"

நான் சாய்ந்தேன். என் பக்கத்தில் கயிறு வரவில்லை. எஸ்ரா சாயவில்லை. அவன் கழுத்தைத் திருப்பி, மூக்குப்பாறையைப் பார்த்து, எங்கள் கரையில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். திருப்பிக் கேட்டான்.

"நெசமாவா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்களே அந்தச் சொல்லைக் குளிர்காலம் முழுவதும் மேஜையில் போட்டுப் புரட்டியிருந்தோம். இதற்குமுன் அது காதில் விழுந்தால் கைக்கு மட்டும்தான் போகும். இப்போது தலைக்குப் போய்விட்டு வந்தது. போய்வரும் அந்த நேரத்தில்தான் ரூபன் தொங்கிக்கொண்டிருந்தான். தனி ஒருவனாக என்னால் அவனை ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை.

போணி உருண்டது. கெசையா எனக்குப் பின்னால் கயிற்றின் மேல் விழுந்தாள். தோல்பட்டை இல்லை, குதிகாலுக்குக் குழி இல்லை. கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு புல்லில் முதுகு தேயச் சாய்ந்தாள். கயிறு வந்தது. அதற்குள் எஸ்ராவின் கையும் உயிர்பெற்றது. மூவரும் இழுத்தோம். பாதி வந்தபோது கீழே ஒரு இடி. இந்த முறை சந்தேகமே இல்லாத ஓசை. குடைவின் உதட்டில் ஒரு பாளம் பெயர்ந்து கடலில் போய் விழுந்து, தண்ணீர்த் துளிகள் விளிம்பைத் தாண்டி எங்கள் முகத்தில் பட்டன. ரூபன் மண்ணும் எச்சமுமாக மேலே வந்து விழுந்தான். அவன் இடுப்புக்குமேல் கயிற்றின் ஒரு புரி அறுந்து தொங்கியது.

ரூபனின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

"அண்ணே, நல்லா டிதர் ஆகுறே," என்றான் ஏமஸ்.

"வாய மூடுடா," என்றான் ரூபன். பிறகு அவனே சிரித்துவிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விழுந்தது செந்நிற முட்டையின் பாறை இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அது குடைவின் இன்னொரு பக்கம். முட்டை இருந்த பாறை நான் இதை எழுதும் நாளிலும் அங்கேயே நிற்கிறது. முதல் வருடம் கெசையா கண்டது சரி என்பதற்கு இரண்டாம் வருடம் சாட்சி ஆகாது. ஊர் அன்று மாலைக்குள் அப்படி ஆக்கிவிட்டது. பழித்த வாய்களே புகழ்ந்தன. முன்பு பழித்ததற்கும் இப்போது புகழ்வதற்கும் அவர்களிடம் இருந்த ஆதாரம் ஒரே அளவுதான்.

ஜேபஸ் மூக்குப்பாறையிலிருந்து ஓடிவந்தான். ரூபன் எழுந்து நிற்கக் கொஞ்சம் சிரமப்பட்டான். எழுந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"கெசையா, நாளையிலேர்ந்து காவல் உன்னோடது. ஜேபஸ் கயித்துக்கு வரட்டும். நான் உன் புருஷன் இல்ல. சட்டம் தடுக்காது."

"எனக்குச் சம்மதம்," என்றான் ஜேபஸ். "சாமி சத்தியமா, அந்தச் சொல்ல இன்னொரு தடவ சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நான் கத்துறேன், நீங்க திரும்பிக் கேக்குறீங்க!"

எஸ்ரா தலையைக் குனிந்துகொண்டான்.

கெசையாவின் முழங்கையில் கயிறு சுற்றிய இடம் தோலுரிந்து சிவந்திருந்தது. அதைத் தன் சால்வையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஏமஸ் கைத்தடியை ஊன்றி அவள் அருகே வந்தான். எப்போதையும்விட மெதுவாகக் கேட்டான்.

"கெஸ், போன வருஷம். கெளம்புச்சா?"

"டீ எல்லாம் கொட்டிப் போச்சு," என்றாள் அவள். "வீட்டுக்குப் போய் வேற போட்டுக் கொண்டாரேன்."

மறுநாள் காலை அவள் வருவாள் என்று மூக்குப்பாறையில் யாரும் உட்காரவில்லை. காற்று இல்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது. காவலுக்கு அதைவிட நல்ல நாள் அமையாது. ஜேபஸ் கயிற்றுப் பக்கமாக வந்து நின்றுகொண்டிருந்தான். அவள் வந்தாள். ரூபன் கையை நீட்டி மூக்குப்பாறையைக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடைகளுக்கு அடியில் கிடந்த ஏமஸின் பழைய தோல்பட்டையை எடுத்து உதறினாள். அது பெரிதாக இருந்தது. கத்தியால் இன்னொரு துளை போட்டு இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"அங்க உக்காரச் சொன்னா…" என்று ரூபன் ஆரம்பித்தான்.

"ஜேபஸ் பாத்துக்குவான்," என்றாள்.

ஜேபஸ் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மூக்குப்பாறைக்குத் திரும்பி நடந்தான். அதற்குப் பிறகு எங்கள் குழு கலையும்வரை எத்தனையோ வசந்தங்கள் அவள் கயிற்றைத்தான் பிடித்தாள். ஊரிலேயே நல்ல கண் உள்ளவள், விளிம்பும் வானமும் தவிர ஒன்றும் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது சொல் வந்த நாட்களில் அது முடிவதற்கு முன்பே அவள் கயிற்றோடு பின்னால் சாய்ந்திருப்பாள். அது மெய்யா பொய்யா என்று ஒருமுறைகூட அவள் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஏன் அந்த இடம் என்று ரூபன் கேட்டான், ஏமஸ் கேட்டான், நானும் ஒருமுறை கேட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

அன்று அவள் எனக்கும் எஸ்ராவுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தாள். பாவாடையைக் காலுக்கடியில் செருகிக்கொண்டு, பூட்ஸின் குதிகாலால் ஈரப்புல்லில் தனக்கென்று ஒரு குழி தோண்டத் தொடங்கினாள்.